நூலாசிரியர் மணவாளனுக்கு ஓர் இரங்கல் தீர்மானம்

திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில், பஸ் நின்றாலும் நிற்கும் போனாலும் போகும் என்கிற மாதிரி ஓர் ஊரில், அந்தக் காலத்தில் ஒரு முன்சீப் கோர்ட்டு இருந்தது. ஊர்ப் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் யாராவது நோட்டீஸ் விடுவார்கள். சொல்லாமல் விடுவதே உத்தமம்.

அந்தக் கோர்ட்டில் பதினொரு வருஷமாகத் தொழில் பார்த்தவர் வக்கீல் மணவாளன். பெயரில்தான் மணவாளன், கல்யாணம் ஆகவில்லை. திருவள்ளூரில் ஒரு மாடி அறை, காலையில் பஸ், சாயங்காலம் பஸ், இரண்டு வேளையும் ஒரே ஓட்டலில் சாப்பாடு. ஓட்டல்காரன் என்ன வேண்டும் என்றுகூடக் கேட்பதில்லை, தெரிந்ததைக் கொண்டுவந்து வைத்துவிடுவான். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மணவாளன் வாயைத் திறப்பது பல் விளக்கவும் சாப்பிடவும்தான்.

இப்படிப்பட்ட மனிதர் ஒரு புத்தகம் எழுத உட்கார்ந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஏரி வாய்க்கால் தண்ணீரில் யாருக்கு என்ன உரிமை என்று விளக்கும் சட்டப் புத்தகம். இங்கிலீஷில்தான் எழுதினார், கோர்ட்டு பாஷை அதுதானே. சட்டத்துக்குச் செய்யும் தொண்டு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். உண்மை வேறு. எங்கோ ஒரு வக்கீல் அந்தப் புத்தகத்தைத் திறந்தால், மூடுகிற வரைக்கும் தான் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பானே என்பதுதான் அவருடைய ஆசை.

எழுத நேரம் வேண்டுமே. வழக்கு கூப்பிடும் வரை கோர்ட்டு வராந்தாவில் காத்திருக்கிற நேரத்தில் எழுதினார். "மணவாளன், உங்க கேஸ்" என்று டவாலி குரல் கொடுத்தால் நோட்டை மூடிவிட்டு ஓடுவார். வாதாடிவிட்டு வந்து மறுபடி திறப்பார். இப்படி ஏழு வருஷம் ஓடியது. வக்கீல் எழுந்து போகும்போதெல்லாம் ஆசிரியர் பாதி வாக்கியத்தில் உட்கார்ந்திருப்பார். கடைசியில், பழவேற்காட்டுக்காரரான ஹனீப், மண்ணடியில் வைத்திருந்த அச்சகத்தில் புத்தகத்தை அடித்துக் கொடுத்தார்.

முதல் பிரதியை மணவாளன் எடுத்துக்கொண்டு போனது வக்கீல்கள் சங்கத்துக்கு. சங்கத் தலைவர் வீரராகவன். சங்கம் ஆரம்பித்த நாள் முதல் அவர்தான் தலைவர். தலைவராக இருப்பதற்காகத்தான் சங்கத்தையே ஆரம்பித்தார் என்று வேண்டாதவர்கள் சொல்வார்கள். அவர் புத்தகத்தை வாங்கி, திறக்காமல், அட்டையையே வெகுநேரம் பார்த்தார்.

"மணவாளன், இதுல உங்க பேரு போட்டிருக்கே" என்றார்.

"நான் எழுதின புக்குங்க."

"அது தெரியுது. வக்கீல் தன்னை விளம்பரம் பண்ணிக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. வாசல்ல மாட்டற போர்டுக்கே அளவு உண்டு. நீங்க பாட்டுக்கு ஊர் ஊரா உங்க பேரை அனுப்பிக்கினு இருந்தா இன்னா அர்த்தம்?"

சங்கத்துச் சேவகன் அடிக்கோலோடு வந்து மணவாளனின் பெயரை அளந்தான். விதியில் சொன்ன அரை அங்குலத்துக்கு ஒரு நூல் அளவு கூடுதல். உடனே பழுப்புக் காகிதம் ஒட்டிப் பெயரை மறைத்தார்கள். விதி காப்பாற்றப்பட்டது. ஆனால் நூலக அட்டவணை ஆசிரியர் பெயர் வரிசைப்படி எழுதப்படுவது. பெயர் இல்லாத புத்தகத்தை அட்டவணையில் ஏற்ற முடியாது. அட்டவணையில் ஏறாத புத்தகத்தை அலமாரிக்குள் வைக்க விதியில்லை. ஆகவே புத்தகம் அலமாரியின் தலைமேல் வைக்கப்பட்டது. இரண்டு வருஷம் அது அங்கேயே இருந்தது. ஒரு நாள் அதை எடுத்து, ஆடிக்கொண்டிருந்த மேஜையின் காலுக்கடியில் கொடுத்தார்கள். தன் புத்தகம் எதற்காவது பயன்பட்டதே என்று மணவாளன் சமாதானம் செய்துகொண்டார்.

அந்த இரண்டு வருஷத்தில் புத்தகத்தை முழுதாகப் படித்தவர் ஒரே ஒருவர், மணவாளன். படித்தபோது ஏழாம் அத்தியாயத்தில் ஒரு பிழை கண்ணில் பட்டு, அவருக்கு வேர்த்துவிட்டது. இருபது வருஷம் விடாமல் வாய்க்கால் தண்ணீரை அனுபவித்தவனுக்கு அதில் உரிமை வந்துவிடும் என்பது சட்டம். நடுவில் ஒரு வருஷம் தண்ணீர் ஓடாவிட்டால் அந்த உரிமை முறிந்துவிடும் என்று எழுதியிருந்தார். யாராவது குறுக்கே அடைத்து ஓடாமல் போனால்தான் முறியும், மழை இல்லாமல் ஏரி வற்றிப் போனால் முறியாது என்று அடுத்த வாக்கியத்தில் எழுத நினைத்திருந்தார். அதை எழுதப் போகிற சமயத்தில் டவாலி கூப்பிட்டிருக்க வேண்டும். போனவர் திரும்பி வந்து, எழுதியாயிற்று என்ற நினைப்பில் அடுத்த பத்தியைத் தொடங்கிவிட்டார். இரண்டாம் பதிப்புக்கு என்று அந்த அத்தியாயத்தையே புதிதாக எழுதி முடித்துப் பெட்டியில் வைத்தார்.

இந்தச் சமயத்தில்தான் அப்பாவு வந்தார். ஒன்றரைக் காணி நிலம் வைத்திருந்த விவசாயி. அவர் நிலத்துக்கு மேல்பக்கத்தில் நிலம் வைத்திருக்கிற ராஜமாணிக்கம், வாய்க்காலின் குறுக்கே மண்ணைப் போட்டு அடைத்துவிட்டார்.

"இருவத்திரண்டு வருசமா அந்தத் தண்ணிதாங்க" என்றார் அப்பாவு. "எங்க நைனா காலத்துலேருந்து நாங்கதான் தூர் வாரிக்கினு இருக்கோம். இப்ப பக்கத்துக் கொல்லைக் கிணத்துல கெஞ்சி வாங்கி ஊத்தறேன். அவங்களும் எத்தினி நாளிக்கி உடுவாங்க? இந்தக் கேஸு போச்சின்னா நெலத்தை வித்துட்டுப் பட்டணத்துல மூட்டை தூக்க வேண்டியதுதான்."

தூர் வாரினவனுக்கு வாய்க்காலில் உள்ள உரிமை பற்றி மணவாளன் தன் புத்தகத்தின் நான்காம் அத்தியாயத்தில் பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தார். அப்படி விவரமாக வேறு எந்தப் புத்தகத்திலும் கிடையாது. முதல் விசாரணையன்று அதை எடுத்துப் படிக்க எழுந்தார்.

முன்சீப் கையை உயர்த்தினார். "ஆசிரியர் இருக்கிறாரா?"

"இருக்கிறார், யுவர் ஆனர். நான்தான்."

"மிகவும் வருந்துகிறேன்" என்றார் முன்சீப். உண்மையிலேயே வருந்தினார். "உயிரோடிருக்கும் ஆசிரியரை ஆதாரமாகக் காட்டுவது மரபல்ல. காரணம் எளிது. உயிரோடிருப்பவன் இன்று ஒன்று எழுதுவான், நாளை யோசிப்பான், மறுநாள் திருத்துவான். யோசிக்கிற ஆளை நம்பி ஒரு நீதிமன்றம் எப்படித் தீர்ப்புச் சொல்லும்? இறந்தவர்கள் யோசிப்பதில்லை. சட்டத்துக்கு வேண்டியது அந்த உறுதிதான். இந்த நாற்காலிக்கு வந்த நாள் முதல் நானும் அதையே கடைப்பிடித்து வருகிறேன்."

வழக்கு எட்டு வாரம் தள்ளிப்போனது. என்ன ஆயிற்று என்று வெளியில் அப்பாவு கேட்டார். புத்தகம் தன்னுடையது என்று சொல்ல மணவாளனுக்குக் கூச்சம். உயிரோடு இருக்கிறவர் எழுதிய புத்தகத்தைக் கோர்ட்டில் எடுத்துக்கொள்ள மாட்டார்களாம் என்று மட்டும் சொன்னார்.

அப்பாவு கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப செத்தவரு எழுதினதா ஒண்ணு பாருங்களேன், ஐயா" என்றார்.

சங்கத்தில் இந்தச் செய்தி பரவியபோது, எதிர்பாராத உதவி வீரராகவனிடமிருந்து வந்தது. காரணம் இல்லாமல் இல்லை. இரண்டு வருஷமாகச் சங்க உறுப்பினர்களில் ஒருவரும் சாகவில்லை. இரங்கல் தீர்மானப் புத்தகம் தூசி படிந்து கிடந்தது. இரங்கல் உரை என்றால் வீரராகவனை மிஞ்ச ஆள் கிடையாது என்று பெயர். அந்தப் பெயரும் சேர்ந்து தூசி படிந்துகொண்டிருந்தது. இரங்கல் கூட்டம் நடந்தால் கோர்ட்டுக்கு அரை நாள் விடுமுறை என்பதையும் யாரும் மறந்துவிடவில்லை.

"மணவாளன், நல்லா கேளுங்க" என்றார் வீரராகவன். "சந்நியாசம் வாங்கினவன் சட்டத்தின் கண்ணுல செத்தவன்தானே. காவி கட்டிக்கினு நடமாடிக்கினு இருப்பான், சொத்தைப் புள்ளைங்க பாகம் பிரிச்சுக்கும். கோயில்ல இருக்கிற கல்லுச் சாமிக்கு மைனர்னு சொல்லி உயிர் குடுத்த சட்டம், உயிரோட இருக்கிற உமக்கு ஒரு சாவு குடுக்காதா? வக்கீல் மணவாளன் இருக்கட்டும். நூலாசிரியர் மணவாளன் காலமாயிட்டார்னு சங்கம் ஒரு தீர்மானம் போட்டா முடிஞ்சுது."

"அப்புறம் அவர் திரும்ப உயிரோட வரணும்னா?"

"அதுக்கு அப்பீல் கிடையாது" என்றார் வீரராகவன்.

மணவாளன் அன்று பஸ்ஸில் போகும்போது யோசித்தார். ஆசிரியர் இருந்து யாருக்கு என்ன ஆகிவிட்டது? அவர் இருக்கிறார் என்பதே மேஜைக்காலுக்குத்தான் தெரியும். அவர் போனால் அப்பாவுவின் வயலுக்குத் தண்ணீர் வரும். ஏழாம் அத்தியாயம் ஒரு கணம் நெஞ்சில் உறுத்தியது. ஆனால் அதை யார் படிக்கப் போகிறார்கள்? மறுநாள், 'மேற்படி ஆசிரியர் காலமானதில் வக்கீலாகிய எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் முன்சீப் தலைமையில் இரங்கல் கூட்டம் நடந்தது. எல்லாரும் எழுந்து இரண்டு நிமிஷம் மௌனமாக நின்றார்கள். மணவாளனும் நின்றார். எழுந்திருக்கலாமா கூடாதா என்று தயங்கியவரைப் பக்கத்திலிருந்த வக்கீல் சின்னதுரை, "மரியாதைக்கு எழுந்திருங்க சார்" என்று கிள்ளினார். ராஜமாணிக்கத்தின் வக்கீல் அவர்தான்.

வீரராகவன் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "அமரர் மணவாளன் எழுதிய நூலை நான் படித்ததில்லை. படிக்காமலேயே சொல்கிறேன், அது ஒரு மகத்தான நூல். அவர் எளிமையானவர். அட்டையில் தன் பெயர்கூட வெளியே தெரியாமல் வைத்துக்கொண்டவர். நம் சங்கத்துக்கே தாங்கு பலமாக இருந்த நூல் அது, நம் மேஜையைக் கேட்டால் சொல்லும். ஏழு வருஷம் இதே வராந்தாவில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். நாம் அவரைத் தாண்டித்தான் போனோம், வந்தோம். என்ன எழுதுகிறீர்கள் என்று ஒரு நாள் ஒரு வார்த்தை நாம் கேட்டிருந்தால்" என்று சொல்லி நிறுத்தினார். "கேட்டிருந்தால் அவர் எழுத்து தடைப்பட்டிருக்கும். அதனால்தான் கேட்கவில்லை. இந்தச் சங்கம் இலக்கியத்துக்குச் செய்த தொண்டு அது."

இதைக் கேட்டு மணவாளன் அழுதுவிட்டார். சிரிக்க வேண்டிய இடம் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் தன்னைப் பற்றி ஒருவர் எழுந்து நின்று பத்து நிமிஷம் பேசி அவர் கேட்டதே இல்லை. சொன்னது அத்தனையும் பொய் என்றாலும், சொல்வதற்கு ஒரு ஆள் நின்றதே. அழுகிறவரைப் பார்த்து இரண்டு பேர், "ரொம்ப வேண்டியவரோ?" என்று மெல்ல விசாரித்தார்கள்.

கூட்டம் முடிந்து காபி வந்தது. சங்கத்தின் ஆள் கணக்குப்படி எண்ணி வரவழைத்த காபி. அமரருக்கு ஒன்று குறைத்திருந்தார்கள்.

தீர்மானத்தின் நகலை அமரரின் குடும்பத்தாருக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. சேவகன் அதை எடுத்துக்கொண்டு திருவள்ளூர் மாடி அறைக்கே வந்து கதவைத் தட்டினான். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டுத் திருப்ப வேண்டிய பிரதியில் 'அமரருக்கு என்ன உறவு' என்று ஒரு கட்டம் இருந்தது. மணவாளன் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார்.

"எதுனா ஒண்ணு போடுங்க சார், பஸ்ஸு பூடும்" என்றான் சேவகன். "மகன், மச்சான், யாராச்சும் இருப்பாங்கல்ல?"

யாரும் இல்லை என்று எழுதக் கட்டம் இல்லை. 'உடன் குடியிருந்தவர்' என்று எழுதிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நடந்தவைதான் வேடிக்கை. மேஜைக்கு அடியில் கிடந்த புத்தகத்தை எடுத்துத் துடைத்து, பழுப்புக் காகிதத்தைக் கிழித்தார்கள். இறந்தவர் பெயர் விளம்பரம் ஆகாதாம். அட்டவணையில் ஏற்றி, கண்ணாடி அலமாரியில் வைத்தார்கள். மற்ற ஊர்களிலிருந்தும் புத்தகம் கேட்டுக் கடிதம் வந்தது. ஹனீப் சந்தோஷமாக ஓடி வந்தார். "ரெண்டாம் பதிப்பு போட்டுடலாமா சார்?" என்று கேட்டார். மணவாளன் பெட்டியைத் திறந்து திருத்திய அத்தியாயத்தை எடுத்துக் கொடுத்தார். அச்சகத்தார் முறைப்படி சங்கத்துக்கு எழுதிக் கேட்டதில், இறந்தவர் திருத்தம் செய்வது மரபில் இல்லை, பழையபடியே அச்சிடலாம் என்று பதில் வந்தது.

வக்கீல்கள் புத்தகத்தைப் படித்தார்கள். மணவாளன் உட்கார்ந்திருந்த அதே அறையில் உட்கார்ந்து, சத்தமாக, ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டினார்கள். "இன்னா மூளைய்யா இந்த ஆளுக்கு" என்றார்கள். ஒரு சந்தேகம் வந்தபோது மணவாளன் வாயைத் திறந்தார். "நீங்க இருங்க சார், அமரர் இன்னா சொல்றார்னு பார்ப்போம்" என்று அவரை அடக்கிவிட்டார்கள்.

எட்டு வாரம் கழிந்து அப்பாவுவின் வழக்கு வந்தது. மணவாளன் நான்காம் அத்தியாயத்தை எடுத்தார். முன்சீப் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். இரண்டு இடத்தில் குறிப்பும் எடுத்தார். பின்வரிசையில் அப்பாவு துண்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் புரியாமல், முன்சீப்பின் தலை ஆடுவதையே சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு சின்னதுரை எழுந்தார். அவர் கையிலும் அதே புத்தகம். "அமரரின் ஏழாம் அத்தியாயத்துக்கு இந்த மன்றத்தின் கவனத்தை ஈர்க்கிறேன். ஒரு வருஷம் தண்ணீர் ஓடாவிட்டால் உரிமை முறிந்தது என்கிறார். எட்டு வருஷத்துக்கு முன்னால் மழை பொய்த்து ஏரி வற்றியது, வாய்க்கால் காய்ந்து கிடந்தது. எதிர்த்தரப்பே அதை ஒப்புக்கொண்டிருக்கிறது" என்று சொல்லி உட்கார்ந்தார்.

மணவாளன் எழுந்து, தன் நூலை விட்டுவிட்டு, மூலச் சட்டத்தையே திறந்தார். யாராவது தடுத்தால்தான் இடையூறு என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது என்று வாசித்தார்.

"சட்டம் அப்படிச் சொல்லலாம்" என்றார் முன்சீப். "அதை இயற்றியவர்கள் நம் பக்கத்து வாய்க்காலைப் பார்த்திருப்பார்களா? அமரர் பார்த்தவர். ஏழு வருஷம் இதே வராந்தாவில் உட்கார்ந்து ஆராய்ந்தவர்."

"அது அவருடைய கருத்தல்ல, யுவர் ஆனர். ஒரு வாக்கியம் விட்டுப்போயிற்று."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எழுதினது நான்தான். வழக்கு கூப்பிட்டார்கள், எழுந்து வந்துவிட்டேன். திருத்தி எழுதி வைத்திருக்கிறேன், இதோ இருக்கிறது."

முன்சீப் காகிதங்களை வாங்கவில்லை. குமாஸ்தாவிடமிருந்து இரங்கல் தீர்மானத்தை வாங்கி, அதன் அடியில் இருந்த கையெழுத்தையும் உறவுக் கட்டத்தையும் படித்தார். "வக்கீல் அவர்களே, இறந்தவர் மேல் பழி போடுவது இந்த மன்றத்தில் வழக்கமில்லை. அதிலும் அவரோடு ஒரே அறையில் குடியிருந்தவர் அதைச் செய்யலாமா? இறந்த தேதிக்குப் பிறகு அவர் பெயரில் வரும் கையெழுத்துப் பிரதிக்கு இன்னொரு பெயர் உண்டு. அதை நான் உச்சரிக்க விரும்பவில்லை. உங்கள் துக்கத்தை மதித்து விட்டுவிடுகிறேன்."

அன்றைக்கே தீர்ப்பும் சொல்லிவிட்டார். ராஜமாணிக்கம் வாய்க்காலை அடைத்தது செல்லும். தீர்ப்பின் கடைசியில் அமரரின் நூலைப் பற்றி ஒரு முழுப் பத்தி பாராட்டு இருந்தது. அப்படி ஒரு பாராட்டுக்காகத்தான் மணவாளன் ஏழு வருஷம் எழுதினார்.

வெளியே புளிய மரத்தடியில் அப்பாவுவிடம் விஷயத்தைச் சொன்னார். அப்பாவு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஏரியே காஞ்சி பூட்டா நான் இன்னா ஐயா பண்ணுவேன்? வாய்க்கால்ல நானா தண்ணியைப் புடிச்சி வச்சேன்?" என்றார். "யாரு ஐயா அந்தப் புக்கு எழுதினவரு?"

மணவாளனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "நான்தான் அப்பாவு. நான் எழுதினதுதான். தப்பா எழுதிட்டேன்."

அப்பாவு அவர் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. தோற்ற மனிதரைத் தேற்றுகிற பார்வைதான் இருந்தது.

"பேஜார்ல பேசறீங்க, உடுங்க" என்றார். "உயிரோட இருக்கறவரு எழுதினதைக் கோர்ட்டுல படிக்க மாட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? இன்னிக்கி ரெண்டு பேரும் அதைத்தானே படிச்சீங்க? அப்புறம் நீங்க எப்பிடி எழுதியிருப்பீங்க? அதுவும் எனக்கு எதிரா நீங்க எழுதுவீங்களா?"

மணவாளன் தலையைக் குனிந்துகொண்டார். அப்பாவு பஸ் வருகிறதா என்று ரோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ நினைத்துக்கொண்டவர் போல் திரும்பினார்.

"அவரு இருந்திருந்தா நேராப் போயி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எம் மூஞ்சியைப் பாத்துட்டு மாத்திச் சொல்லியிருப்பாரு. பொண்டாட்டி புள்ளைங்க, சொந்தக்காரங்க, யாருனா இருக்காங்களா ஐயா அவருக்கு?"

"யாரும் இல்லை."

"பாவம்" என்றார் அப்பாவு. வந்து நின்ற பஸ்ஸில் ஏறிப் போனார்.